வலங்கைமானில் அவிழ்த்த முடிச்சு

முதல் நாள், காலை 5.40. தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நதியா கேட்ட முதல் கேள்வி, ஆறு எங்கே என்பதுதான். இரண்டு வருடமாக அவளிடம் காவிரியைப் பற்றி அளந்து வைத்திருந்தேன். போலந்தில் நாங்கள் வேலை பார்க்கும் விரோத்ஸ்வாஃப் நகரத்தில் ஓட்ரா என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் பாலத்தில் நின்று, இதெல்லாம் ஒரு ஆறா என்று அலட்சியமாகச் சொன்னவன் நான். பங்குனி மாதத்துக் காவிரியில் மணல்தான் ஓடும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். இந்தப் பயணத்தில் நான் மறைத்த முதல் சமாச்சாரம் அது. மற்றவை வரிசையாக வரும்.

நதியா உக்ரைனில் செர்னிகிவ் என்ற ஊரைச் சேர்ந்தவள். போர் தொடங்கியபோது அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறையில் பதினெட்டு நாள் இருந்துவிட்டு, ஒரு தோள்பையோடு எல்லை தாண்டி வந்தவள். நான் இருக்கும் சரக்குக் கிடங்கு அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். அவளுக்கு முப்பத்திரண்டு வயது, எனக்கு முப்பத்தாறு. அவளுடைய பெயரைப் போனில் சொன்னபோதே, “நம்ம ஊரு பேராட்டம்தானே இருக்கு” என்று அம்மா பாதிச் சம்மதம் தந்துவிட்டார். மீதிச் சம்மதத்துக்காகத்தான் இந்தப் பயணம். அம்மாவைப் பார்ப்பது, மறுநாள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது, எங்கள் ஆட்கள் முன்னால் பேச்சை உறுதி செய்வது என்று திட்டம். நதியாவுக்கு மூன்று நாள்தான் லீவு மிச்சம் இருந்தது. நான் மேலும் பத்து நாள் தங்குவதாக ஏற்பாடு.

நாங்கள் பேசிக்கொள்வது அரைகுறை போலிஷும் மீதி ஆங்கிலமும். அவள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுதும்போது அவள் என்னைவிட நன்றாகப் பேசுவதுபோல் இருக்கிறது. நேரிலும் அப்படித்தான்.

வெளியே நஜீர் பாய் காரோடு நின்றார். முத்துப்பேட்டைக்காரர். சார்ஜாவில் பதினான்கு வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, சொந்தமாக ஒரு கார் வைத்திருக்கிறார். ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், டீசல் தனி. நதியாவைப் பார்த்ததும் சார்ஜாவில் கற்றுக்கொண்ட ரஷ்ய மொழியில் நலம் விசாரித்தார். அந்த மொழி இப்போது அவளுக்கு வேப்பங்காய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவருடைய தாடிக்குள் இருந்த சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

காலை 6.45. பெரிய கோயில். கல் இன்னும் சுடத் தொடங்கவில்லை. நதியா நுழைவாயிலிலேயே பையைத் திறந்து ஒரு பூப்போட்ட துணியை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டாள். இங்கே அதெல்லாம் வேண்டாம் என்றேன். “எனக்கு வேண்டும்” என்றாள்.

இந்த இடத்தில் என் அறியாமையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நதியா ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போவதில்லை. வருடத்தில் ஒருமுறை, ஈஸ்டருக்கு, ரொட்டியும் முட்டையும் வைத்த கூடையோடு போவாள். பாதிரியார்கள் கட்டும் விலை உயர்ந்த கைக்கடிகாரங்களைப் பற்றிக் கிண்டல் செய்வாள். சாப்பிடுமுன் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒருமுறை ஆறு ரோஜா வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தனியே எடுத்து வேறு தம்ளரில் வைத்தாள். இரட்டைப்படைப் பூ செத்தவர்களுக்காம். வாசற்படிக்கு அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் எதையும் வாங்க மாட்டாள். ஒன்று நீ உள்ளே வா, இல்லாவிட்டால் நான் வெளியே வருகிறேன் என்பாள். கழுத்தில் ஒரு பழுப்பு நூலில் நகத்தளவு வெள்ளிச் சிலுவை கிடக்கும். நீச்சல் குளத்தில்கூட அதைக் கழற்றியதில்லை.

இதையெல்லாம் நான் பழக்கம் என்ற ஒரே மூட்டையில் கட்டிப் போட்டேன். நம் ஊரில் பக்தி என்றால் நெற்றியில் தெரிய வேண்டும், ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். அவளிடம் அப்படி எதுவும் இல்லை. அதனால் அவளுக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று முடிவு கட்டி, அம்மாவிடமும் அப்படியே சொல்லி வைத்தேன். அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள். கைத்தறிச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ருத்ராட்சம். ஈரினா என்று பெயர், ரஷ்யாவில் பெர்ம் என்ற ஊர், இங்கே மீரா என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். ஐந்து வருடமாக ஆண்டுக்கு இரண்டு மாதம் வந்து கோயில் கோயிலாகச் சுற்றுகிறாளாம். “சாப்டீங்களா?” என்று என்னிடம் சுத்தமாகக் கேட்டாள். நான் உருகிப்போனேன்.

பிறகு அவள் நதியாவிடம் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டாள். நதியா தன் மொழியில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. மிக மெதுவாக இன்னும் ஏதோ சொல்லி, ருத்ராட்சத்தின் மேல் கை வைத்தாள். நதியா பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் தோளை லேசாகத் தொட்டுவிட்டு வந்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். நான் விடாமல், பார்த்தாயா, எப்படி நம் ஊரோடு ஒட்டிக்கொண்டாள் என்றேன். “அழகாக இருக்கிறாள்” என்று மட்டும் சொன்னாள். அவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். அந்த ருத்ராட்சம் என் மனதில் ஒரு யோசனையைக் கிளப்பிவிட்டது.

காலை 11.15. தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர். அங்கிருந்து வலங்கைமானுக்குப் பிரியும் சாலையில் சம்பா அறுத்த வயல்களில் உளுந்து காய்த்து நின்றது. சில இடங்களில் செடியைப் பிடுங்கிச் சாலையிலேயே பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் உளுந்து உதிர்ந்துவிடும், அடிக்கிற வேலை மிச்சம். நஜீர் பாய் ஒதுங்காமல் அதன்மேலேயே ஓட்டினார். நதியா பதறிப்போனாள். அதுதான் அவர்களுக்கு உதவி என்று விளக்கினேன். தன் ஊரில் ரொட்டித் துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள் என்றாள்.

எங்கள் ஊர் வலங்கைமானிலிருந்து நான்கு கிலோமீட்டர், காவிரியின் கிளையான குடமுருட்டிக் கரையில். ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி நதியா இறங்கிப் பார்த்தாள். கரையிலிருந்து கரைவரை மணல். நடுவில் இரண்டு மாடு நின்றது. “இதுவா?” என்றாள். ஜூனில் தண்ணீர் விடுவார்கள் என்றேன். “அப்போது திரும்ப வந்து பார்க்கிறேன்” என்றாள். திரும்ப வருவேன் என்று அவளாகச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வரி. அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்து வளர்ந்தவர்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏழு மா நிலம் வாங்கினார்கள். அதாவது இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார், பக்கத்துத் தெருவில் மாமா.

வாசலில் அம்மா சொம்புத் தண்ணீரோடு நின்றார். நதியா படிக்கு வெளியே நின்று கையை நீட்டவில்லை. அம்மாவும் நீட்டவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மா படி இறங்கி வந்து சொம்பைக் கொடுத்தார். நதியா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் வீட்டு வழக்கத்தை ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து பார்த்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு. நதியா சோறும் ரசமும் கத்தரிக்காய்க் கூட்டும் போட்டுக்கொண்டு கோழியை மரியாதையாக மறுத்தாள். மோரும் வேண்டாம் என்றாள். வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன்.

“விரதமா?” என்று அம்மா என்னிடம் கேட்டார்.

நதியாவிடம் கேட்டேன். ஆமாம், ஈஸ்டர்வரைக்கும் என்றாள். போன இரண்டு வருடமும் அந்த நாட்களில் அலுவலகத்தில் அவள் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் மட்டுமே கொண்டுவந்ததை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். உடம்பைக் குறைக்கிறாள் என்று கேலி செய்திருக்கிறேன்.

“சாமி நம்பிக்கை கிடையாதுன்னியே தம்பி” என்றார் அம்மா. அதெல்லாம் சும்மா பழக்கம்மா என்றேன். அம்மா கோழிக் குழம்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு, நாளைக்குக் கோழி அறுக்க வேண்டாம், சர்க்கரைப் பொங்கல் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். குலதெய்வத்துக்குக் காவு இல்லாமலா என்று மாமா குதித்தார். “வீட்டுக்கு வந்த புள்ள விரதம் இருக்குது. பெரியாச்சி கோவிச்சுக்க மாட்டா” என்றார் அம்மா. மாமாவின் குதிப்பு அத்தோடு அடங்கியது.

அதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இரண்டாம் நாள், காலை 8.20. அம்மா நதியாவுக்கு அரக்கு நிறச் சேலை கட்டிவிட்டு, தலையில் மல்லிகை வைத்து வெளியே அனுப்பினார். அளவை முன்பே வாங்கி வலங்கைமானில் ஜாக்கெட் தைத்து வைத்திருந்தார். அவள் அழகாக இருந்தாள் என்று சொன்னால் அது கட்டுரைக்கு நல்லது. ஆனால் என் கண் போனது அவள் கழுத்துக்கு. இரண்டு வருடம் ஸ்வெட்டருக்குள் கிடந்த சிலுவை, ஜாக்கெட்டின் அகலமான கழுத்தில் பளிச்சென்று வெளியே தெரிந்தது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கள் ஆட்கள் நாற்பது பேர் கூடுவார்கள். ஒருத்தரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானாகவே அவர்கள் சொல்லப்போவதையெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்துப் பயந்தேன். வெளிநாடு போய் மதம் மாறிவிட்டான் என்பார்கள், பெண் நம் சாமியைக் கும்பிடாது என்பார்கள், அம்மாவின் காதுபடப் பேசுவார்கள் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது.

அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய், அரை நாளைக்கு மட்டும் அதைக் கழற்றி வைக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்றாள். அந்த ரஷ்யப் பெண்ணைப் பார்த்தாய் அல்லவா, அவள் ருத்ராட்சமே போட்டுக்கொண்டிருக்கிறாள், உனக்குத்தான் நம்பிக்கையே இல்லையே என்று அடுக்கினேன்.

“நம்பிக்கை இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?”

அவள் வாழை மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உன் அம்மா கேட்டாரா?”

“ஆமாம்” என்றேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமலும் இருக்க முடியாது. ஆமாம் என்ற அந்த ஒற்றை வார்த்தைதான் இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய காரியம்.

நதியா திரும்பி நின்று, மல்லிகைச் சரத்தை ஒதுக்கிப் பிடரியைக் காட்டினாள். “முடிச்சை நீயே அவிழ். நான் அவிழ்க்க மாட்டேன்” என்றாள். அவளுக்கு ஞானஸ்நானம் செய்தபோது ஞானத்தாய் கட்டியதாம். இடையில் நூல் இற்றுப்போய் இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள், இரண்டு தடவையும் அதே கிழவிதான் கட்டினாளாம். இப்போது அந்த அம்மாள் உயிரோடு இல்லை. முடிச்சு இறுகிக் கல்லாகியிருந்தது. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்க்க ஐந்து நிமிடம் பிடித்தது. ஐந்து நிமிடம் என்பது, ஒருத்தன் தான் செய்வதை யோசித்துப் பார்த்து நிறுத்திக்கொள்ளப் போதுமான நேரம். அவிழ்ந்ததும் வாங்கி, சிலுவையை ஒருமுறை உதட்டில் வைத்துவிட்டு என்னிடமே கொடுத்தாள். “நீ கேட்டாய். நீயே வைத்திரு. நீயே திருப்பிக் கொடு.” சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

காலை 10.00. எங்கள் பெரியாச்சி கோயில் என்பது வயல் நடுவே ஒரு நாவல் மரம், அதனடியில் மூன்று கல், ஒரு சூலம். வரப்பில் செருப்பில்லாமல் நடந்து வந்த நதியாவைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் பாராட்டினார்கள். பொங்கல் பொங்கியபோது குலவையிட்டார்கள். மாமா அவளைப் பற்றி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “நாத்து நட வருமாடா?” நான் பயந்த எதையும் யாரும் கேட்கவில்லை.

குங்குமம் வைக்க வந்த அம்மா நின்றுவிட்டார். நதியாவின் வெறுங்கழுத்தில் விரலால் மெல்லத் தடவி, “எங்கேம்மா அது?” என்றார்.

நதியா மொழிபெயர்ப்புக்காக என்னைப் பார்த்தாள். இரண்டு மொழியும் தெரிந்தவன் அந்த நாவல் மரத்தடியில் நான் ஒருவன்தான்.

“சேலை உனக்கு நன்றாக இருக்கிறதாம்” என்று அவளிடம் சொன்னேன்.

“அவளே கழட்டி வச்சிட்டாம்மா” என்று அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்குத் திரும்பியதும் வியர்வையில் நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். மாமா, பங்காளிகள், வாழ்த்து, காப்பி என்று பொழுது போய்விட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்ததென்று எனக்கு ஒரே சந்தோஷம். சட்டைப்பையை நான் மறந்தேபோனேன்.

மூன்றாம் நாள், காலை 7.00. வேளாங்கண்ணி பார்த்துவிட்டு அங்கிருந்து நேராகத் திருச்சி விமான நிலையம். அவளுடைய விமானம் மாலை 4.50க்கு. புறப்படும்போது அம்மா படிக்கு வெளியே வந்து நின்று அவள் கையில் ஒரு பை கொடுத்தார். வறுத்த உளுந்து மாவு, நெய் சேர்க்காத பொரிவிளங்காய் உருண்டை. விரதத்துக்கு ஆகும் என்றார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

திருவாரூர் தாண்டி, கீழ்வேளூரில் டீ குடித்தோம். பால் இல்லாத டீ, பன்னிரண்டு ரூபாய். வழியெல்லாம் நதியா சன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். கை அடிக்கடி கழுத்துக்குப் போய், ஒன்றும் இல்லாமல் மடிக்குத் திரும்பியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்போல் நினைத்துக்கொள்ள ஆள் கிடையாது.

காலை 9.50. மாதா கோயில். நஜீர் பாயும் எங்களோடு உள்ளே வந்தார். அவருடைய மனைவி அவர் சார்ஜாவில் இருந்த காலத்தில் இங்கே மெழுகுவத்தி ஏற்றுவாராம். “எல்லாரும் வர்ற எடம்தான் தம்பி” என்றார். சேலை கட்டிய மாதாவைப் பார்த்ததும் நதியா துணியால் தலையை மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். வெளியே கல்யாணம் கைகூட வேண்டும் என்று பெண்கள் கட்டிய மஞ்சள் கயிறுகள் கம்பியில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஏன் மஞ்சள், ஏன் கயிறு என்று கேட்டாள். தாலியைப் பற்றிச் சொன்னேன். கட்டினால் கழற்ற மாட்டார்கள், அதன்மேல் சத்தியம் செய்வார்கள், நோய்நொடி வந்தால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் முழுவதும் கேட்டாள்.

“என்னுடையதைக் கொடு” என்றாள்.

கை சட்டைப்பைக்குப் போனது. அது வேறு சட்டை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, வயலுக்குப் போயிருப்பார். திரும்பி ஊருக்குப் போய் எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போக முடியுமா என்று நஜீர் பாயிடம் கேட்டேன். அவர் மணியைப் பார்த்தார், கைபேசியில் வழியைப் பார்த்தார். அன்று மன்னார்குடிப் பக்கம் பாதை அடைத்திருப்பதாகக் கேள்வி, சுற்றித்தான் போக வேண்டும், ஊர் வழியாகப் போனால் விமானத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றார். நான் நதியாவிடம் திரும்பி, பத்தே நாள்தானே, வரும்போது கொண்டுவந்துவிடுகிறேன் என்றேன். அரை நாள்தானே என்று முந்தின நாள் கேட்டவனும் நான்தான்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

காரில் நெடுநேரம் கழித்து அவளாகப் பேசினாள். நிலவறையில் இருந்த பதினெட்டு நாளும் தான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை என்றாள். முழு ஜெபமும் தெரியவும் தெரியாது. குண்டு விழும்போதெல்லாம் சிலுவையைக் கைக்குள் பொத்திக்கொள்வாளாம், அவ்வளவுதான். “அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இல்லை என்று நீ பெயர் வைத்துவிட்டாய்.”

தஞ்சாவூரில் பார்த்த ஈரினாவைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பெண் ‘என்னை மன்னித்துவிடு’ என்றாளாம். அவர்கள் இருவருடைய சபையிலும் விரதம் தொடங்குமுன் ஒருவரிடம் ஒருவர் அப்படிக் கேட்பதுண்டு. ‘கடவுள் மன்னிப்பார்’ என்று பதில் சொல்ல வேண்டும். நதியாவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அதற்காக மூன்று நாளாக வருத்தப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். “இன்னொன்று. அவள் கழுத்திலும் சிலுவை இருந்தது. ருத்ராட்சத்துக்கு அடியில். எனக்குக் காட்டினாள். நீ பார்க்கவில்லை.”

பிற்பகல் 2.30. திருச்சி விமான நிலையம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள். மற்றொரு கை கழுத்தில் இருந்தது.

திரும்பும் வழியில் வல்லத்தில் நஜீர் பாய் டீசல் போட்டார். பிறகு பேச்சுவாக்கில் சொல்வதுபோல் சொன்னார். “சார்ஜால நகைக்கடைக்கு ரஷ்யாக்காரப் பொம்பளைங்கள நெறைய ஏத்திட்டுப் போயிருக்கேன் தம்பி. புதுசா தங்கத்துல சிலுவை பாப்பாங்க. கழுத்துல கெடக்கறத கழட்டிட்டுப் போட்டுப் பாருங்கன்னு கடைக்காரன் சொல்வான். ஒருத்தரும் கழட்ட மாட்டாங்க. புதுச மேல வச்சுத்தான் பாப்பாங்க.” இதை மூன்று நாள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா பாய் என்றேன். “நீங்க கேக்கலியே” என்றார்.

மறுநாள் காலை, 6.30. அம்மா அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது கிடைத்ததாம். டப்பாவுக்குள் அப்பா கட்டிய தாலி இருந்தது. அதற்குப் பக்கத்தில், வெற்றிலையின் மேல், குங்குமம் வைத்த சிலுவை.

“யாரு கழட்டச் சொன்னது?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஒங்கப்பா போன பதினாறாம் நாளு எங்கழுத்துல கைய வச்சாங்க. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.” சிலுவையை எடுத்து என் கையில் வைத்தார். “கட்ட வேண்டிய கையி. அவுத்துட்டு வந்து நிக்கிற.”

அதற்குப் பிறகு நான் ஊரில் இருந்த ஒன்பது நாளும் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. நேரத்துக்குச் சோறு போட்டார்.

பத்து நாள் கழித்து, விரோத்ஸ்வாஃப். ஈஸ்டருக்கு இன்னும் சில நாள் இருந்தது. நதியாவின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவளிடம், சிலுவை மட்டும் வைத்த ஒரு சின்ன டப்பாவோடு கையை நீட்டினேன். மறந்துபோய் வாசற்படிக்கு மேலேயே நீட்டிவிட்டேன். அவள் வாங்கவில்லை. உள்ளே வா என்பாள் என்று நின்றேன். அவள் படியைத் தாண்டி வெளியே வந்து, பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு, பிறகு வாங்கிக்கொண்டாள்.

அம்மா கேட்கவில்லை, நான்தான் என்று ஒருவழியாகச் சொன்னேன். மரத்தடியில் அம்மா கேட்டது என்ன என்பதையும் சொன்னேன். “அன்றைக்கே தெரியும்” என்றாள். “சேலையைப் பாராட்டுகிறவர் கழுத்தைத் தொட மாட்டார்.”

சிலுவையில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. அம்மா வைத்தது, துடைத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்து, அதை அப்படியே உதட்டில் ஒற்றிக்கொண்டாள். நூலைக் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோய் இரண்டு கையாலும் பிடரியில் முடிச்சுத் தேடினாள். நான் போடட்டுமா என்று கேட்டேன்.

“எனக்கே வரும்” என்றாள். வந்தது.

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, குடமுருட்டிக்குத் தண்ணீர் வந்தது. அம்மா மாமாவின் போனில் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். காய்ந்த மணலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் முன்னேறி வருகிறது. மாடுகள் கரையேறுகின்றன. கடைசியில் அம்மாவின் குரல் கேட்கிறது: “நதியாகிட்ட காட்டு தம்பி, பாக்கணும்னுச்சே.” இப்போது அலுவலகத்தில் அவள் வேறு மாடியில் இருக்கிறாள். எதிரே வந்தால் அம்மாவை விசாரிக்கிறாள். வேறு எதுவும் பேசுவதில்லை. அந்த வீடியோ இன்னும் என் போனில்தான் இருக்கிறது. நாற்பது விநாடி.